முழக்கம் யாருடையது? விடுதலைப் போராட்ட வாசகங்களும் அவற்றின் தேதிகளும்

ஆகஸ்ட் பிறந்தால் பேச்சுப் போட்டிக் குறிப்புகளும் வாட்ஸ்அப் பட்டியல்களும் சுற்றத் தொடங்குகின்றன. ஒரு பத்தியில் முழக்கம், எதிர்ப் பத்தியில் அதைச் ‘சொன்னவர்’. இன்குலாப் ஜிந்தாபாத்துக்கு நேரே பகத்சிங் பெயர் இருக்கும். வெள்ளையனே வெளியேறு என்பதற்கு நேரே காந்தி இருப்பார். 1965இல் பிறந்த ஜெய் ஜவான் ஜெய் கிசானும் அதே பட்டியலில் விடுதலைப் போராட்ட முழக்கமாக உட்கார்ந்திருக்கும். வந்தே மாதரத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தைக் கேட்டவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழுந்தது: முழுப் பாடல் இருக்க, முதல் இரண்டு பத்திகளை மட்டும் ஏன் பாடி வந்தோம்?

இந்தக் குழப்பங்கள் அத்தனைக்கும் வேர் ஒன்றுதான். முழக்கத்தை அதன் ஆண்டிலிருந்து பிடுங்கி எடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு முழக்கமும் அந்தந்த ஆண்டின் அரசியல் கோரிக்கையைச் சுருக்கிச் சொன்ன வாசகம். எந்த ஆண்டு என்று தெரியாவிட்டால் யார் சொன்னார் என்பது மட்டுமல்ல, என்ன கேட்டார்கள் என்பதும் தவறிப்போகும்.

முதலில் நான்கு பேரைப் பிரித்துக்கொள்ள வேண்டும்

‘சொன்னவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன.

1. வாசகத்தை ஆக்கியவர்.
2. அதைக் கூட்டத்திலோ ஊர்வலத்திலோ எழுப்பி மக்கள் வாய்க்குக் கொண்டுபோனவர்.
3. அதற்காகச் சிறை சென்றோ உயிர் கொடுத்தோ அதனுடன் பெயர் ஒட்டிக்கொண்டவர்.
4. பிற்பாடு அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட அமைப்பு அல்லது அரசு.

நான்கும் ஒரே ஆளாக அமைவது அபூர்வம். மூன்றாமவரின் தியாகம் பெரிதாக இருப்பதால் மற்ற மூவரும் அவர் நிழலில் மறைந்துபோகிறார்கள். பட்டியல்களில் நேரும் பெரும்பாலான பிழைகள் இந்த வகைதான்.

முழக்கம் அமைந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊர்வலத்தில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, கூட்டம் பின்பாதியைத் திருப்பிச் சொல்லும். ‘மகாத்மா காந்திக்கு’ என்று முன்னால் குரல் எழும். ‘ஜே’ என்று பின்னால் ஆயிரம் பேர் முழங்குவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சேர்ந்துகொள்ளலாம். பத்திரிகையை அடக்க அரசுக்கு வழி இருந்தது: 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் புதிய அச்சகங்களிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்டது, பிடிக்காததை அச்சிட்டால் அதைப் பறிமுதல் செய்தது. வாயில் இருக்கும் இரண்டு சொல்லுக்கு ஈட்டுத்தொகை கேட்க முடியாது. அதனால்தான் அரசு நேரடியாகத் தடியடிக்கும் 144 தடையுத்தரவுக்கும், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட 124ஏ என்ற ராஜநிந்தனைப் பிரிவுக்கும் போனது.

வந்தே மாதரம்: பாடல் முழக்கமானது 1905இல்

பங்கிம் சந்திர சட்டோபாத்யாயர் 1870களில் எழுதிய பாடல் இது. 1882இல் நூலாக வந்த ஆனந்தமடம் நாவலில் இடம்பெற்றது. 1896இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் ரவீந்திரநாத் தாகூர் பாடினார். அதுவரை அது பாடல் மட்டுமே.

கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாக வெட்டியதுதான் அதை முழக்கமாக்கியது. 1905 ஆகஸ்ட் 7இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. அக்டோபர் 16இல் பிரிவினை அமலுக்கு வந்தது. அதே மாதம் வெளியான கார்லைல் சுற்றறிக்கை, மாணவர்களை அரசியலில் இறங்கவிடும் பள்ளிகளுக்கு மானியம் நிறுத்தப்படும் என்று மிரட்டியது. கிழக்கு வங்காளத்தில் தெருவில் வந்தே மாதரம் சொல்வதே குற்றமானது. 1906 ஏப்ரல் 14இல் பாரிசால் மாகாண மாநாட்டுக்குப் போன பிரதிநிதிகளின் ஊர்வலத்தைப் போலீசார் தடியால் அடித்துக் கலைத்தார்கள். சுரேந்திரநாத் பானர்ஜி கைதானார். தடை போட்டதன் பலன் நேர்மாறாக அமைந்தது. அதுவரை வங்காளத்துக்கு உரிய பாட்டாக இருந்தது, அதன்பின் நாடு முழுவதற்கும் அடிபட்டவர்களின் அடையாளமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் விபின் சந்திர பாலர் அந்தப் பெயரிலேயே ஆங்கில நாளேடு தொடங்க, அரவிந்தர் அதில் எழுதினார்.

தமிழ்நாட்டுக்கு இந்த முழக்கம் வந்த வழி தூத்துக்குடி வழி. பாரதி இந்தப் பாடலை இருமுறை தமிழாக்கினார். ஆனால் அதைத் தெருவில் இறக்கியது வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். 1906இல் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது, வ.உ.சி.யும் சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வோடு அது வெற்றி பெற்றது. மார்ச் 9இல் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடத் தடையை மீறிக் கூட்டம் நடந்தது. 12ஆம் தேதி இருவரும் கைதானார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலி கொதித்தது: நகராட்சி அலுவலகம், காவல் நிலையம், அஞ்சலகம் எல்லாம் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டுகள். வ.உ.சி.க்கு ராஜநிந்தனைக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லாமல் போயிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தே மாதரம் என்ற இரண்டு சொல்லுக்காக மட்டும் இவ்வளவு பெரிய தண்டனை வரவில்லை. பங்கு விற்ற கம்பெனி, கூலி கேட்ட தொழிலாளர், தடையை மீறிய கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே முழக்கத்தின் கீழ் ஒன்றாக வந்ததுதான் ஆட்சியரை அச்சுறுத்தியது. முழக்கத்தைத் தனியாகப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இனி இரண்டு பத்திக் கேள்வி. பாடலின் முதல் இரண்டு பத்திகள் நாட்டின் நீரையும் கனியையும் வயலையும் நிலவையும் போற்றுகின்றன. பிற்பகுதி தாயைத் துர்க்கையாகவும் இலக்குமியாகவும் வணங்குகிறது. நாவலின் கதைச் சூழலும் சேர்ந்து முஸ்லிம்களிடையே ஆட்சேபம் எழுந்தது. 1937இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி, தாகூரின் கருத்தையும் கேட்டு, தேசியக் கூட்டங்களில் முதல் இரண்டு பத்திகளை மட்டும் பாடுவதென முடிவெடுத்தது. 1950 ஜனவரி 24இல் அரசியல் நிர்ணய சபையில் ராஜேந்திர பிரசாத், ஜன கண மன தேசிய கீதம் என்றும் விடுதலைப் போரில் வரலாற்றுப் பங்காற்றிய வந்தே மாதரத்துக்கு அதற்குச் சமமான மரியாதை உண்டு என்றும் அறிவித்தார். 1937 முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தடியடியில் முழக்கமாகிவிட்டது ‘வந்தே மாதரம்’ என்ற அந்த முதல் இரண்டு சொல்தான். அதை எந்தக் கமிட்டியும் குறைக்கவில்லை.

சுயராஜ்யம்: ஒரே சொல், மூன்று அளவு

‘சுயராஜ்யம் எனது பிறப்புரிமை, அதை அடைந்தே தீருவேன்’ என்ற திலகரின் வாசகத்தை முழு விடுதலைக் கோரிக்கையாகவே பலரும் படிக்கிறார்கள். தேதிகளை வரிசைப்படுத்தினால் வேறு படம் தெரியும்.

1906இல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற தாதாபாய் நவுரோஜி, பிரிட்டனில் அல்லது அதன் குடியேற்ற நாடுகளில் உள்ளதுபோன்ற தன்னாட்சியே சுயராஜ்யம் என்றார். அது முதல் அளவு. 1908 முதல் 1914 வரை திலகர் பர்மாவின் மாண்டலே சிறையில் இருந்தார். வெளியே வந்து 1916 ஏப்ரலில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோதும் சக்கரவர்த்தியின் கீழ் இந்தியர் தம்மைத் தாமே ஆள்வது என்றே சுயராஜ்யத்தை விளக்கினார். இது இரண்டாம் அளவு. பிறப்புரிமை வாசகம் பரவியது இந்தக் காலத்தில்தான். 1916 ஜூலை 23, அவருடைய அறுபதாவது பிறந்த நாள். அன்றே அரசு நோட்டீஸ் கொடுத்தது. நன்னடத்தைக்கு 20,000 ரூபாய் ஜாமீன் கட்டும்படி உத்தரவாகி, நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அது ரத்தானது. அவருக்காக வாதாடியவர் முகமது அலி ஜின்னா. பிரிட்டிஷ் அரசையே ஒழிக்கச் சொன்னதாகக் காட்ட முடியாததால்தான் வழக்கு நிற்கவில்லை. திலகரின் துணிவு இதனால் குறைந்துவிடாது. அன்றைய சட்டத்தின் விளிம்புவரை கோரிக்கையைக் கொண்டுபோனவர் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் அன்னி பெசன்ட் அடையாறிலிருந்து தம்முடைய ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார்.

மூன்றாவது அளவு, பூரண சுயராஜ்யம். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஒரு படி இறங்கி, ஓராண்டுக்குள் டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி, தந்தால் போதும் என்றார்கள். அதுவும் வராமல் போகவே, 1929 டிசம்பர் 31 நள்ளிரவில் லாகூரில் ராவி ஆற்றங்கரையில் பூரண சுயராஜ்யக் கொடி ஏறியது. 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்டது. குடியரசு நாளுக்கு அதே தேதி தேர்வானதன் காரணம் இதுதான்.

இன்குலாப் ஜிந்தாபாத்: ஆக்கியவர் ஒரு மௌலானா

உன்னாவ் மாவட்டத்து மோகான் ஊர்க்காரரான உருதுக் கவிஞர் மௌலானா ஹஸ்ரத் மோகானி 1921இல் கொடுத்த முழக்கம் இது. அதே ஆண்டு அகமதாபாத் காங்கிரசில் முழு விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே. காந்தி எதிர்த்ததால் அது தோற்றது. அப்போது பகத்சிங்குக்குப் பதினான்கு வயது.

1929 ஏப்ரல் 8இல் டெல்லி மத்திய சட்டசபையில், பொதுப் பாதுகாப்பு மசோதா பற்றிய தீர்ப்பைத் தலைவர் விட்டல்பாய் படேல் சொல்ல எழுந்த நேரத்தில், பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் ஆளில்லாத இடம் பார்த்து இரண்டு குண்டுகளை வீசினார்கள். எவரும் சாகவில்லை. ஓட நினைத்திருந்தால் ஓடியிருக்கலாம். துண்டறிக்கைகளை வீசிவிட்டு, இன்குலாப் ஜிந்தாபாத் என்று முழங்கி அங்கேயே நின்றார்கள். வந்தே மாதரமோ பாரத மாதாவோ அந்த இடத்தில் ஒலிக்காமல், ‘ஏகாதிபத்தியம் ஒழிக’ என்பது கூடவே ஒலித்தது தற்செயலல்ல. ஆள்வோரை மாற்றுவதோடு சமூக அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய அமைப்பின் நிலைப்பாடு.

இந்த முழக்கத்துக்குப் பகத்சிங்கே எழுதிய உரை இருக்கிறது. ‘புரட்சி நீடூழி வாழ்க’ என்றால் கலகம் ஓயாமல் நடக்க வேண்டுமா என்று மாடர்ன் ரிவ்யூ இதழாசிரியர் குறை சொன்னார். 1929 டிசம்பரில் சிறையிலிருந்து இருவரும் பதில் எழுதினார்கள். 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் அந்தச் செப்டம்பரில் ஜதீன் தாஸ் இறந்திருந்தார். ‘ஜதீன் தாஸ் வாழ்க’ என்று நாங்கள் சொல்லும்போது அவர் உடல் உயிரோடு இருக்கட்டும் என்றா பொருள், அவரைத் தாங்கிய லட்சியம் வாழட்டும் என்றல்லவா பொருள் என்று அதில் கேட்டிருந்தார்கள். புரட்சி என்பது நல்லதை நோக்கிய மாற்றத்துக்கான வேட்கை, அந்த வேட்கை மனித மனத்தில் வற்றக் கூடாது என்பதே அவர்கள் தந்த விளக்கம். பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் எவரும் இந்தக் கடிதத்தைத் தேடிப் படித்துவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு தெளிவு!

சைமனே திரும்பிப் போ, வெள்ளையனே வெளியேறு

இரண்டையும் ஆக்கியதாகச் சொல்லப்படுபவர் ஒரே ஆள்: பம்பாயைச் சேர்ந்த யூசுப் மெஹரலி. தமிழில் இவர் பெயர் அதிகம் அடிபடாதது பெரும் குறை.

இந்தியாவின் அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய சைமன் கமிஷனில் ஏழு உறுப்பினர்கள். ஒருவர்கூட இந்தியர் இல்லை. 1928 பிப்ரவரி 3இல் அது பம்பாயில் இறங்கிய அன்றே நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. சென்னையில் போலீஸ் சுட்டது. பாரிமுனையில் துப்பாக்கிகளுக்கு முன் மார்பைத் திறந்து காட்டி நின்றார் தங்குதூரி பிரகாசம். அக்டோபர் 30இல் லாகூரில் தடியடிபட்ட லாலா லஜபதி ராய் நவம்பர் 17இல் இறந்தார்.

1942இல் கிரிப்ஸ் தூது தோற்றபின், போராட்டத்துக்குப் பொருத்தமான வாசகம் தேடிய பேச்சில் ‘கெட் அவுட்’ என்பது மரியாதைக் குறைவு என்று காந்தி தள்ளிவிட்டதாகவும், மெஹரலி கொடுத்த ‘க்விட் இந்தியா’வை ஏற்றுக்கொண்டதாகவும் ஒரு பதிவு உண்டு. ஆகஸ்ட் 8 இரவு கோவாலியா டாங்க் மைதானத்தில் காந்தி கொடுத்த மந்திரம் வேறு: ‘கரேங்கே யா மரேங்கே’, செய் அல்லது செத்து மடி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. முதலாவது ஆங்கிலேயருக்கு, இரண்டாவது நமக்கு. இரண்டாவதில் ‘கொல்’ என்பது கிடையாது. இதைச் சொன்னவரும் மற்ற தலைவர்களும் 9ஆம் தேதி விடியுமுன் கைதாகிவிட்டதால் அதை விளக்க ஆளில்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில் தண்டவாளங்களைப் பெயர்ப்பதும் தந்திக் கம்பிகளை அறுப்பதும் நடந்தன. குலசேகரன்பட்டினத்தில் லோன் என்ற உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்டார்.

ஜெய்ஹிந்த், டெல்லி சலோ

இரண்டு முழக்கங்கள் இந்திய தேசிய ராணுவத்தின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் தந்தவை. ‘டெல்லி சலோ’ (டெல்லிக்குப் புறப்படு) 1943 ஜூலை 5, சிங்கப்பூர். ‘ரத்தம் கொடுங்கள், விடுதலை தருகிறேன்’ 1944 ஜூலை 4, பர்மா. இரண்டுக்கும் இடையே ஓராண்டுதான். இரண்டாவதைப் பேசிய அதே வாரத்தில் இம்பால் முற்றுகையைக் கைவிட ஜப்பானியத் தளபதிகள் முடிவெடுத்துவிட்டார்கள். வெற்றி நெருங்கிய உற்சாகத்தில் கேட்டதல்ல அந்த ரத்தம். பின்வாங்கும் படைக்குப் புதிதாக ஆளும் பொருளும் வேண்டியிருந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் அந்தப் படையில் பெருமளவில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் கீழ் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பலரும் அவர்களே.

ஜெய்ஹிந்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் அதைச் செண்பகராமன் பிள்ளையின் பெயரோடு சேர்த்தே சொல்வது வழக்கம். அவர் 1934இல் பெர்லினில் இறந்துவிட்டார். அது ஒரு படையின் வணக்கமானது ஜெர்மனியில் போஸ் படை திரட்டியபோது, ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் தந்த யோசனையால். மத வேறுபாடின்றி எல்லாச் சிப்பாய்களும் சொல்லத்தக்க வணக்கம் தேவைப்பட்டது. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலில் போசுடன் ஆசியா வந்தவரும் அவரே. விடுதலை இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21இல் மூன்றரை அணா விலையில் வந்தபோது, மூவர்ணக் கொடியின் மேல் மூலையில் ஜெய்ஹிந்த் என்று அச்சிட்டிருந்தது.

பட்டியல்களில் அடிக்கடி வரும் பிழைகள்

1. ‘சர்ஃபரோஷி கீ தமன்னா’ என்ற உருதுக் கவிதை புரட்சியாளர் ராம் பிரசாத் பிஸ்மில் எழுதியதல்ல. பாட்னாவைச் சேர்ந்த பிஸ்மில் அஜீமாபாதி எழுதியது. பெயர் ஒற்றுமையும், ராம் பிரசாத் அதைப் பாடிப் பரப்பியதும் குழப்பத்துக்குக் காரணம்.

2. நாடகங்களில் திருப்பூர் குமரன் ‘ஜெய்ஹிந்த்’ என்று முழங்கி விழுவதாகக் காட்டுகிறார்கள். அவர் தடியடிபட்டது 1932 ஜனவரி 10; மறுநாள் இறந்தார். ஜெய்ஹிந்த் போராட்டக்களத்து வணக்கமாகப் பரவப் பத்தாண்டுகள் இருந்தன. அந்தக் காட்சிக்கு வந்தே மாதரமும் ‘மகாத்மா காந்திக்கு ஜே’யும்தான் பொருந்தும்.

3. ‘சத்தியமேவ ஜெயதே’ முண்டக உபநிடத வாசகம். மதன் மோகன் மாளவியா பரப்பினார். 1950 ஜனவரி 26இல் அரசுச் சின்னத்தில் இடம்பெற்றது.

4. ஜெய் ஜவான் ஜெய் கிசான், லால் பகதூர் சாஸ்திரி தந்தது. பாகிஸ்தான் போரும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து வந்த 1965இல்.

சரிபார்க்கும் வரிசை

புதிதாக ஒரு முழக்கம் கைக்கு வந்தால் இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. தேதியும் ஊரும் குறிப்பில் உண்டா? இல்லையென்றால் அதைக் கண்டுபிடிக்கும்வரை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

2. அந்தத் தேதியில் அவர் எங்கே இருந்தார்? 1910இல் புனேயில் திலகர் பேசியதாக இருந்தால் பொய். அவர் மாண்டலே சிறையில் இருந்தார். 1921 செப்டம்பருக்குப் பின் பாரதி எதையும் சொல்லியிருக்க முடியாது.

3. எந்த மொழியில் சொன்னார்? போசின் படை உரைகள் இந்துஸ்தானியில். காந்தி 1942 ஆகஸ்ட் 8இல் இந்துஸ்தானியிலும் ஆங்கிலத்திலும் பேசினார். தமிழ் வாசகத்தை அப்படியே அவர் வாய்மொழியாக மேற்கோள் குறிக்குள் போடாமல், பொருளாகத் தருவது நேர்மை.

4. ஆக்கியவர், பரப்பியவர் என இரண்டு பெயர் கிடைத்தால் இரண்டையும் எழுதுங்கள். ‘ஆக்கம் ஹஸ்ரத் மோகானி, 1921, மக்களிடம் கொண்டுசென்றவர்கள் பகத்சிங்கும் தோழர்களும், 1929’ என்று ஒரே வரியில் அடங்கிவிடும்.

5. போட்டித் தேர்வில் ஒரே பெயர்தான் கேட்பார்கள். கேள்வி ‘உருவாக்கியவர்’ என்கிறதா, ‘பிரபலப்படுத்தியவர்’ என்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். இன்குலாபுக்கும் வெள்ளையனே வெளியேறுவுக்கும் இந்த ஒரு சொல்லில் விடை மாறும்.